கிணற்று நீரும் கடைசி இலக்கமும்

(யாழ்ப்பாணத்தில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்துருவம்)



ஆறென்று சொல்லத்தக்க ஆறு ஒன்றேனும் இல்லாத ஒரு குடாநாட்டில், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வானம் பொழிகின்ற மாரி மழையைச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் சேர்த்துவைத்து, எஞ்சிய மாதங்களெல்லாம் அந்தச் சேமிப்பையே இறைத்துக் குடித்தும், குளித்தும், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் பாய்ச்சியும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகின்ற நமக்கு, காலின் கீழே எவ்வளவு நன்னீர் இருக்கின்றது என்ற கேள்வியிலும் அந்தரங்கமான கேள்வி வேறொன்று இருத்தல் அரிது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மேலெழுந்தவாரியாகப் பார்ப்போருக்குக் கிணற்றோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாததாகத் தோன்றும். தொடர்ச்சியாக மாறுகின்ற வோல்ற்றளவை இலக்கமாக்கித் தரும் ஒரு சிறிய மின்பலகையை, மிகுந்த நுண்மையோடு, வீட்டு மேசையில் வைத்து நாமே செய்துகொள்வது எப்படி என்பதே அது. ஆயினும் இந்த மண்ணில் அப்பலகைக்கு உரிய முதல் வேலை கிணற்றில்தான் காத்திருக்கின்றது என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகையால் கிணற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நன்னீர் கடல்நீரைக் காட்டிலும் சிறிது இலேசானது. அதனாலே நம் நிலத்தடியில் அது உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. ஆம்ஸ்ரர்டாமுக்கு அருகே கிணறு தோண்டும் முயற்சி ஒன்றைப்பற்றி 1888ஆம் ஆண்டில் எழுதிய பாடன் கைபன் என்ற ஒல்லாந்த இராணுவ எந்திரியும், 1901ஆம் ஆண்டில் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும் தனித்தனியே கண்டுரைத்த கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் நிற்கும். சுண்ணக்கல் பொந்தும் குகையுமாக இருப்பதால் இங்கே அக்கணக்கு அட்சரம் பிசகாமல் செல்லாது. எனினும் அதன் போக்கு மெய்யானதே. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழம் செல்லச் செல்ல நீர் உவராகவும் இருப்பதை அறியாதார் நம்மில் யார்? கிணற்றின் நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் நிலையாகத் தாழ்ந்தால், நம் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் உவர்நீரின் எல்லை 40 சென்ரிமீற்றர் மேலே ஏறத் தலைப்பட்டுவிட்டது என்பதே இக்கணக்கின் பொருள். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நிலத்தடி நீருக்குக் காவலாக இருந்தது. நீரிறைக்கும் யந்திரம் வந்தபின் அந்தக் காவல் போயிற்று. நீர்ப்பாசன எந்திரி எஸ். ஆறுமுகம் அவர்கள் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தருவதற்கு வகுத்த திட்டத்தை இங்குள்ள முதியோர் அறிவர். அத்தகைய பெருந்திட்டங்கள் எப்பொழுது எவ்வாறு நிறைவேறினாலும், இருக்கின்ற நீரை நாள்தோறும் அளந்தறிய வேண்டிய கடமை நம்மை விட்டு நீங்கப்போவதில்லை.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த இடத்தை முழக்கோலால் அளப்பது பழைய வழி. நாளுக்கு ஒருமுறை பார்ப்பதற்கு அது போதும். ஆனால் இரவும் பகலும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, மழையிலும் வெயிலிலும், ஆண்டுமுழுவதும் அளக்க வேண்டுமாயின், கிணற்றின் அடியில் அமுக்க உணரி ஒன்றை இறக்கிவிடுவதே வழி. அதனுள்ளே ஒரு மெல்லிய உருக்குத் தகடும், அதன்மேல் ஒட்டிய நான்கு விகாரமானிகளும் இருக்கின்றன. நீரின் பாரத்தால் தகடு வளைய, விகாரமானிகளின் தடை மாற, வீற்ஸ்ரன் பாலமாக அவை இணைக்கப்பட்டிருப்பதால் ஒரு சிறு வோல்ற்றளவு வெளியே வருகின்றது. ஊட்டுகின்ற ஒவ்வொரு வோல்ற்றுக்கும் முழு அளவில் 2 மில்லிவோல்ற்று என்பது இவ்வினத்து உணரிகளில் வழமையான கணக்கு. 5 வோல்ற்று ஊட்டினால் 10 மில்லிவோல்ற்று. உணரியின் முழு அளவு 10 மீற்றர் நீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீற்றர் நீருக்கு ஒரு மைக்ரோவோல்ற்று, அதாவது வோல்ற்றின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. மாணவர்கள் இந்தச் சமன்பாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் இனி நான் சொல்லப்போகும் மின் இடையூறுகள் ஒவ்வொன்றையும் நீரின் உயரமாக மாற்றியே சொல்லப்போகிறேன்.

பாடசாலை மாணவரும் இன்று கையாளுகின்ற ஆர்டுயினோ ஊனோ என்ற பலகைக்குள்ளே இலக்கமாக்கும் சுற்று ஒன்று ஏற்கெனவே இருக்கின்றது. அது 10 பிற்று நுண்மையுடையது. 5 வோல்ற்றை 1024 படிகளாகப் பகுப்பது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ற்று. நம் உணரியை அதில் நேரே தொடுத்தால், 10 மீற்றர் நீர் முழுவதும் இரண்டே படிகளுக்குள் அடங்கிவிடும். கிணறு ஐந்து மீற்றர் வற்றினாலன்றி அந்தப் பலகை வாய் திறக்காது. விரியலாக்கி ஒன்றை இடையில் வைத்து 500 மடங்கு பெருக்கினால், படி ஒன்று ஒரு சென்ரிமீற்றர் நீராகும். முன்சொன்ன கைபனின் கணக்குப்படி, கருவி ஒரே ஒரு படி அசைவதற்குள் உவர்நீர் ஒரு முழத்துக்குக் கிட்ட ஏறிவிட்டிருக்கும். இதற்காகவே நுண்மை மிக்க மாற்றி நமக்கு வேண்டியிருக்கின்றது.

வோல்ற்றளவை இலக்கமாக்கும் வழிகள் பலவற்றுள், நம் ஊர் ஆசாரி பொன் நிறுக்கின்ற முறையோடு ஒத்த ஒன்று உண்டு. தராசின் ஒரு தட்டில் பொன்னையிட்டு, மறுதட்டில் முதலில் பெரிய படிக்கல்லை வைத்து, அது தாழ்ந்தால் எடுத்துவிட்டு, உயர்ந்தால் அப்படியே விட்டு, அதிற் பாதி, அதிலும் பாதி என்று சிறிய கற்களாக வைத்துக்கொண்டுபோய்க் கடைசியில் குன்றிமணியில் முடிக்கின்றாரல்லவா? ஆர்டுயினோவிலுள்ள மாற்றி செய்வது இதுவே. ஒவ்வொரு பாதிக்கும் ஒரு பிற்று. விரைவான முறை, ஆனால் பிற்றுகள் கூடக் கூட, அந்தப் படிக்கற்கள் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாத பாதியாக இருக்க வேண்டிய நிர்ப்பந்தம் வந்துசேர்கின்றது, 24 பிற்று வரை அத்தகைய கற்களைச் செய்துமுடிப்பது மகா சிரமம்.

மற்றொரு வழி, தராசுக்கற்களையே வேண்டாவென்று விட்டது. குரலை எண்களாக மாற்றிக் கம்பியில் அனுப்பலாம் என்று அலெக் றீவ்ஸ் என்னும் ஆங்கிலேயர் பாரிஸ் நகரில் 1937ஆம் ஆண்டில் சிந்தித்ததிலிருந்து இக்கலை ஆரம்பமாகின்றது என்னலாம். அதன்பின் 1954ஆம் ஆண்டில் அமெரிக்கரான கட்லர் தம் காப்புரிமை விண்ணப்பத்தில் வித்திட்ட கருத்தை, 1962ஆம் ஆண்டில் தோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இனோசே, யசுதா, முராகாமி ஆகிய மூவரும் டெல்ரா-சிக்மா என்ற பெயரோடு உருவாக்கித் தந்தனர். அவர்கள் அதைத் தொலைவிலிருந்து அளவெடுக்கும் காரியத்துக்கென்றே எழுதினார்கள் என்பது கிணற்றை நினைத்துக்கொண்டிருக்கும் எனக்குத் தனி மகிழ்ச்சி தருவது. அதன் சூட்சுமம் இதுதான்: வருகின்ற வோல்ற்றளவிலிருந்து, தெரிந்த ஒரு நியம வோல்ற்றளவைக் கழித்தோ கூட்டியோ, மிச்சத்தை ஒரு தொகையீட்டுச் சுற்றில் சேர்த்துக்கொண்டே போவது; சேர்ந்தது பூச்சியத்துக்கு மேலா கீழா என்ற ஒரே கேள்வியை விநாடிக்கு இலட்சக்கணக்கான தடவை கேட்பது; 'மேல்' என்றால் அடுத்த முறை கழிப்பது, 'கீழ்' என்றால் கூட்டுவது. இவ்வாறு வருகின்ற ஒன்றும் பூச்சியமுமான நீண்ட வரிசையில் ஒன்றுகளின் அடர்த்தி எவ்வளவோ அவ்வளவே உள்ளே வந்த வோல்ற்றளவு. ஒரு தடவை கேட்டதற்குக் கிடைக்கும் விடை முரட்டுத்தனமானது. அத்தகைய இலட்சோபலட்சம் விடைகளை எண்வடிகட்டியில் ஊற்றித் திரட்டும்போது, நுண்மை தானாக விளைகின்றது. அவசரத்தைக் கொடுத்து நுண்மையை வாங்குகின்ற வியாபாரம் இது. கிணற்று நீருக்கு அவசரம் ஏது? நமக்கு மிகவும் இலாபகரமான வியாபாரம்.

இம்முறையில் அமைந்த சிப்கள் இன்று கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய விலையில் கிடைக்கின்றன. சமையலறைத் தராசுகளில் இருக்கின்ற எச்.எக்ஸ். 711 என்பது ஒன்று. பாலவடிவ உணரிகளுக்கென்றே பிறந்தது. விநாடிக்கு 10 அல்லது 80 அளவுகள் தருவது. கைதேர்ந்தவர்கள் விரும்புவது ரெக்ஸஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் ஏ.டி.எஸ். 1256. விநாடிக்கு இரண்டரை அளவிலிருந்து 30,000 அளவு வரை வேகத்தை நாம் தெரிந்தெடுக்கலாம். உள்ளேயே 64 மடங்கு வரை பெருக்கும் விரியலாக்கி உண்டு. இரண்டின்மீதும் 24 பிற்று என்ற விருது பொறிக்கப்பட்டிருக்கின்றது. 24 பிற்று என்றால் 1,67,77,216 படிகள்.

இந்த எண்ணைக் கேட்டு மயங்குகின்ற இளைஞர்களை நான் அடிக்கடி காண்கின்றேன். அவர்களிடம் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப்பார்க்கச் சொல்லுவது என் வழக்கம். ஏ.டி.எஸ். 1256-ஐ 64 மடங்குப் பெருக்கத்தில் வைத்தால், அது அளக்கக்கூடிய முழு வீச்சு, நேரும் மறையுமாக, ஏறத்தாழ 156 மில்லிவோல்ற்று. நம் உணரி தருவதோ 10 மில்லிவோல்ற்று. பதினாறில் ஒரு பங்குதான் பயன்படுகின்றது. நான்கு பிற்றுகள் அங்கேயே கழிந்தன. இனி, சிப்புக்குள்ளேயே தவிர்க்கவொண்ணாத ஓர் இரைச்சல் உண்டு. மிக மெதுவான வேகத்தில் அதன் நியம விலகல் 30 நானோவோல்ற்று அளவில் இருக்கும். நியம விலகலை 6.6 ஆற் பெருக்கினால் இரைச்சலின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடைப்பட்ட தூரம் கிடைக்கும் என்பது இத்துறையினர் கொண்ட பிரமாணம், அதன்படி 0.2 மைக்ரோவோல்ற்று. 10 மில்லிவோல்ற்றை 0.2 மைக்ரோவோல்ற்றால் வகுத்தால் 50,000. ஆகவே 24 பிற்று என்று பேர்பெற்ற சிப்பிலிருந்து, இந்த வேலையில், எதிலும் தவறு நேராத உத்தம நிலையிலும், நம் கைக்கு வந்துசேர்வது 16 பிற்றுக்கும் சற்றுக் குறைவானது. நீரில் சொன்னால் 0.2 மில்லிமீற்றர். இது குறைவன்று, நமக்கு வேண்டியதைக் காட்டிலும் அதிகமே. ஆனால் திரையில் அதற்குப் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும் இலக்கங்கள் நீரைப்பற்றி எதுவும் சொல்லுவன அல்ல. அவற்றை அப்படியே எழுதிவைத்து ஆராய்ச்சி என்று காட்டுவது அறிவியலுக்குச் செய்யும் அபசாரம். எந்த இலக்கம் வரை நம்பலாம் என்பதைச் சிப் நமக்குச் சொல்லாது. பலகையைச் செய்தவனே அதைச் சோதித்துச் சொல்ல வேண்டும். ஆதலினாலேயே பலகையை நாமே செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

பலகையைச் செய்யும் காரியத்துக்கு வருவோம். ஏ.டி.எஸ். 1256-க்கு 28 கால்கள். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் 0.65 மில்லிமீற்றர் தூரம். பூதக்கண்ணாடியும் கூரிய முனையுள்ள சோல்டரிங் அயனும் நடுங்காத கையும் இருந்தால் இதை வீட்டிலேயே ஒட்டிவிடலாம். கால்களுக்கிடையே ஈயம் பாலமிட்டுவிட்டால் செப்புப் பின்னலால் அதை உறிஞ்சி எடுத்துவிடலாம். இதில் மாணவர் சீக்கிரம் தேர்ச்சி பெறுகின்றனர். இதுபற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதிகம் சொல்ல வேண்டியது செப்புத் தடங்களைப்பற்றி.

வழமையான அச்சுச்சுற்றுப் பலகையில் செப்பின் தடிப்பு 35 மைக்ரோமீற்றர். அத்தகைய செப்பில் ஒரு சதுரத்துக்கு அரை மில்லியோம் தடை என்பது நினைவில் வைக்கத்தக்க எண். ஒரு மில்லிமீற்றர் அகலமும் இரண்டு சென்ரிமீற்றர் நீளமும் உள்ள தடத்தில் இருபது சதுரங்கள். ஆகவே 10 மில்லியோம். இதை ஒரு தடை என்று எவரும் எண்ணுவதில்லை. ஆனால் சிப்பின் விடைகளை வாங்கிப் பதியும் நுண்கட்டுப்படுத்தி தன் 20 மில்லியம்பியர் மின்னோட்டத்தை அந்தத் தடத்தின் வழியே பூமிமுனைக்குத் திருப்பி அனுப்பினால், அதில் 200 மைக்ரோவோல்ற்று வீழ்ச்சி உண்டாகும். உணரியின் எதிர்முனையும் அதே தடத்தைப் பகிர்ந்துகொள்ளுமாறு பலகையை வரைந்துவிட்டால், அந்த 200 மைக்ரோவோல்ற்று நம் அளவிலே வந்து ஏறிக்கொள்ளும். நீரில் 20 சென்ரிமீற்றர்! கைபனின் கணக்கில் எட்டு மீற்றர் நன்னீர்! ஒரு விரல்நுனி நீளச் செப்புத் தடம் ஒரு கிராமத்தின் நீர்வளத்தையே மாற்றிக் காட்டவல்லது. ஆகவேதான் பலகையின் ஒரு பக்கம் முழுவதையும் இடைவெட்டில்லாத பூமித்தளமாக விடுவதும், மின்னோட்டம் மிகுந்த எண்சுற்றுகளை ஒரு கோடியிலும் உணரிக்குரிய மென்சுற்றுகளை மறுகோடியிலும் வைத்து, உணரியின் இரு முனைகளையும் அருகருகே இணைபிரியாமல் சிப் வரையில் கொண்டுசெல்வதும் இக்கலையின் முதற்பாடமாக இருக்கின்றன.

அடுத்தது உஷ்ணம். இரு வேறு உலோகங்கள் சந்திக்கும் இடமெல்லாம், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒரு வெப்பவிணை. செப்பும் ஈயப்பற்றும் சந்திக்குமிடத்தில் பாகைக்கு ஓரிரு மைக்ரோவோல்ற்று. சில பழைய உலோகக்கூட்டுச் சிப்களின் கால்களாகிய கோவார் என்ற கலப்புலோகமும் செப்பும் சந்தித்தால் பாகைக்கு 40 மைக்ரோவோல்ற்று. செம்பில் களிம்பு பிடித்துவிட்டாலோ ஆயிரம் வரை போகும். உணரியின் இரு முனைகளும் ஒரே உஷ்ணத்தில் இருக்குமாயின் இவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆகையால் உஷ்ணம் குறைவாக இருப்பதைக் காட்டிலும் சமமாக இருப்பதே முக்கியம். மேசையில் பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது மின்விசிறியைப் போட்டுப்பாருங்கள். அதுவரை அடக்கமாக நின்ற இலக்கம் அலையத் தொடங்கும். ஒரு விரலை இணைப்பியின் ஒரு முனையில் மாத்திரம் அரை நிமிஷம் வைத்து எடுங்கள். வாசிப்பு மேலேறி, பின் நிதானமாக இறங்கிவருவதை ஒரு வரைபோலக் காணலாம். வெறும் பிஸ்கற் தகரப்பெட்டி ஒன்றில் பலகையை வைத்து மூடினால், காற்றின் அலைச்சலும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ஊடுருவலும் ஒருங்கே தணியும். விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை.

நியம வோல்ற்றளவைப்பற்றி ஒரு கேள்வி இயல்பாக எழும். அளவுகோலே நீண்டு குறுகினால் அளவுக்கு என்ன மதிப்பு? நல்ல நியம வோல்ற்றளவுச் சிப் ஒன்று பாகைக்குப் பத்து இலட்சத்தில் 5 பங்கு மாறும் என்று வைத்துக்கொண்டாலும், 24 பிற்றின் முழு அளவில் அது பாகைக்கு 80 படிகளுக்கு மேல். தகரக் கூரையின் கீழே, நம் சித்திரை வெயிலில், என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். இதற்குப் பணச்செலவில்லாத ஒரு பரிகாரம் உண்டு. இந்தத் துறையிலே நான் கண்ட யுக்திகளுள் இதைக் காட்டிலும் அழகானது வேறில்லை. உணரிக்கு ஊட்டுகின்ற அந்த 5 வோல்ற்றையே, ஒத்த இரு தடையிகளால் பாதியாக்கி, மாற்றிக்கு நியமமாகவும் கொடுத்துவிடுவது. ஊட்டுகின்ற வோல்ற்றளவு ஏறினால் உணரியின் விடையும் ஏறும், அளவுகோலும் அதே விகிதத்தில் நீளும், விகிதம் மாறாது. தடையிகள் இரண்டும் ஒன்றாகச் சூடேறி ஒன்றாகக் குளிர்பவையாக இருக்க வேண்டும், அவ்வளவே. பாலவடிவ உணரிகளுக்குக் கிடைத்த பேறு இது.

கடற்காற்று நம் ஊருக்கு விசேஷமான ஒரு சத்துரு. ஈயம் ஒட்டும்போது உருகி வழிந்த பசை பலகையில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும். வறண்ட தேசத்தில் அது கிடந்தால் கிடக்கட்டும் என்று விடலாம். இங்கேயோ உப்பும் ஈரமும் அப்பசையில் சேர்ந்து, இரண்டு கால்களுக்கிடையே மெல்லிய மின்கசிவை உண்டாக்கிவிடும்; மழைநாளில் ஒரு வாசிப்பும் வெயில்நாளில் ஒரு வாசிப்புமாகப் பலகை நடந்துகொள்ளும். ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் பல்துலக்கும் தூரிகையைத் தோய்த்து இருமுறை கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பின்னரே மேற்பூச்சுப் பூச வேண்டும். கழுவாமல் பூசினால் அழுக்கை நிரந்தரமாகச் சிறைவைத்ததாகும். செரமிக் கொள்ளளவிகளிலும் ஒரு எச்சரிக்கை: அளவில் சிறிதாய்க் கொள்ளளவில் பெரிதாய் இருக்கும் இனங்கள், தட்டினால் தாமே வோல்ற்றளவைப் பிறப்பிப்பவை. உணரியின் வழியில் அவற்றை வைத்தல் ஆகாது.

மின்சாரம் ஊட்டும் விஷயத்தில், நம் நாட்டில் மின்னழுத்தம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். ஆகவே எங்கெல்லாம் வயர் ஓடுகிறதோ அங்கெல்லாம் 20 மில்லிவிநாடிக்கு ஒரு அலை வந்துபோகும். மாற்றியை விநாடிக்கு 10 அளவு அல்லது அதற்கும் குறைவான வேகத்தில் வைத்தால், அதன் எண்வடிகட்டி 50 ஹேர்ட்ஸில் சரியாகப் பூச்சியமாகி, அவ்வலையை விழுங்கிவிடும். ஆனால் மலிவான மின்வழங்கிகள் உமிழ்கின்ற உயர் அதிர்வெண் இரைச்சலை அது விழுங்காது. என் பரிந்துரை பற்றரியே. இந்தக் குடாநாட்டில் பற்றரி என்ற சொல்லை உச்சரிக்கும்போது கடந்தகாலம் நினைவுக்கு வராமற் போகாது. 1990களில் மின்சாரம் அறவே இல்லாமல், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பண்டங்களுள் ஒன்றாக இருந்த நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்னோட்டத்தில் வீட்டாரெல்லாம் சூழ்ந்திருந்து றேடியோச் செய்தி கேட்ட தலைமுறை இந்த மண்டபத்திலும் அமர்ந்திருக்கின்றது. டைனமோவின் ஆடலோட்டத்தை டயோட்டால் நேராக்கி, கொள்ளளவியால் மட்டமாக்கி, றேடியோ முரலாமல் பேசவைத்த அந்த வீட்டுக் கைவினைஞர்கள், பாடப்புத்தகம் பிற்பாடு கற்பிக்கப்போகும் வடிகட்டும் வித்தையை வயிற்றுப்பாட்டின் நடுவே கற்றுத் தேர்ந்தவர்கள். இன்று நான் சொல்லும் மைக்ரோவோல்ற்று வித்தை அவர்களுக்கு அந்நியமானதன்று. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலமும், மின்வலையை நம்பி ஓர் அளவீட்டுத் தொடரை வைத்திருக்கக்கூடாது என்பதை மறுபடியும் உணர்த்திற்று. சிறியதொரு பற்றரி, அதைப் பகலில் நிரப்ப ஒரு சூரியத் தகடு, இரைச்சல் குறைந்த நேர்கோட்டு ஒழுங்காக்கி ஒன்று. இவை போதும்.

பலகை முடிந்ததும் உணரியைத் தொடுக்க ஆவல் எழும். அந்த ஆவலை அடக்கிக்கொண்டு, மாற்றியின் இரு உள்வழிகளையும் ஒரு குட்டைச் செப்புக் கம்பியால் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். உள்ளே வருவது பூச்சியம் என்பது பிரத்தியட்சம். ஆகவே வெளியே வருவதெல்லாம் பலகையின் சொந்தப் பேச்சு. சில ஆயிரம் வாசிப்புகளைச் சேர்த்து, ஒவ்வொரு இலக்கமும் எத்தனை தடவை வந்தது என்று வரைபடம் போடுங்கள். நடுவில் உயர்ந்து இருபுறமும் ஒழுங்காகத் தாழ்கின்ற செவ்வன் பரம்பலாக அது அமைந்தால், இயற்கையின் சாதாரண இரைச்சல் மாத்திரமே எஞ்சியிருக்கின்றது என்று திருப்திகொள்ளலாம். இரண்டு சிகரங்கள் தோன்றினால் எங்கோ ஓர் எண்சுற்று மென்சுற்றுக்குள் கசிகின்றது. ஒரு பக்கம் நீண்ட வால் இழுபட்டால் உஷ்ணம் நகர்ந்துகொண்டிருக்கின்றது. தரவுத்தாளில் அச்சிட்ட இரைச்சலுக்கு ஒன்றரை மடங்குக்குள் உங்கள் நியம விலகல் வந்துவிட்டால், பலகையைப்பற்றிப் பெருமைப்படலாம். அதற்குக் கீழே இறங்க எண்ணுபவர்கள் 1928ஆம் ஆண்டில் ஜோன்சனும் நைகுவிஸ்ரும் வகுத்த எல்லையை நினைக்க வேண்டும்: ஓராயிரம் ஓம் தடையி எதுவாயினும், சும்மா கிடக்கும்போதே, ஒரு ஹேர்ட்ஸ் அகலத்தில் 4 நானோவோல்ற்று அளவு முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அது தடையியினுள் இலத்திரன்களின் வெப்ப அசைவு. அதை நிறுத்த எந்தக் கைவினைஞனாலும் ஆகாது.

இனிக் கிணற்றுக்குள் இறங்குவோம். உணரியை இறக்கிய முதல் நாளிலேயே ஒரு விசித்திரத்தைக் காண்பீர்கள். ஒருவரும் நீர் இறைக்காத கிணற்றிலும், காலை பத்து மணியளவில் ஒரு தடவையும் இரவு பத்து மணியளவில் ஒரு தடவையும் நீர் உயர்ந்ததுபோலவும், நான்கு மணிகளை ஒட்டித் தாழ்ந்ததுபோலவும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வித்தியாசத்தில் இலக்கங்கள் ஆடும். மேலே காற்றுக்குத் திறந்த குழாய் இல்லாத உணரியாயின், அது அளப்பது நீரையும் நீரின்மேலுள்ள வளிமண்டலத்தையும் சேர்த்து. வெப்பவலயத்தில் வளிமண்டல அமுக்கம் நாள்தோறும் இருமுறை இவ்வாறு ஏறி இறங்குகின்றது. ஒரு ஹெக்ரோபஸ்கால் என்பது ஒரு சென்ரிமீற்றர் நீருக்கு ஏறக்குறைய சமம். ஆகவே இரண்டாவது உணரி ஒன்றைக் கிணற்றுக்கு வெளியே வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும்.

கழித்தபின் எஞ்சுவதில்தான் என் உள்ளம் ஈடுபட்டிருக்கின்றது. கடலை அண்டிய சுண்ணக்கல் நிலத்தில், கடலின் ஏற்றவற்றம் பொந்துகளின் வழியே உட்புகுந்து, தூரத்துக்குத் தக்கபடி மெலிந்தும் தாமதித்தும் கிணறுகளில் தோன்றும். சூரியனோடு கட்டுண்ட அசைவுக்கு 12 மணி நேரம். சந்திரனோடு கட்டுண்ட அசைவுக்கு 12 மணி 25 நிமிஷம். ஒரு நாளில் பிரித்தறிய முடியாத இவ்விரண்டும், பதினைந்து நாள் இடைவிடாமற் பதிந்த வரிசையில், கணிதத்தால் தெளிவாகப் பிரிந்துவிடும். கீரிமலைப் பக்கத்துக் கிணறு ஒன்றில் சந்திரனின் அசைவு எத்தனை மில்லிமீற்றர், உள்நாட்டில் உள்ள மற்றொன்றில் எத்தனை, எவ்வளவு நாழிகை தாமதித்து என்று அறிந்தால், நிலத்தடியில் எந்தத் திசையில் கடலுக்கு வாசல் அகலத் திறந்திருக்கின்றது என்பதை ஒரு மண்வெட்டியும் போடாமல் ஊகிக்கலாம். எந்தப் பக்கத்துக் கிணறுகளில் மிகுதியாக இறைத்தால் உவர் முந்தி ஏறும் என்பதற்கு அது முதற்சான்று. ஆர்டுயினோவின் ஒரு சென்ரிமீற்றர்ப் படி இந்த மில்லிமீற்றர் அசைவை அறவே விழுங்கிவிடும். கவனமாகச் செய்த பலகையின் 0.2 மில்லிமீற்றரோ அதைப் படம்போலக் காட்டும்.

நுண்மை வேறு, சரிநிலை வேறு என்பதையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். உணரியின் முழு அளவில் நானூறில் ஒரு பங்கு பிழை என்று செய்தவர் குறித்திருந்தால், 10 மீற்றரில் அது இரண்டரைச் சென்ரிமீற்றர். எவ்வளவு நல்ல பலகையானாலும் அதைத் திருத்தாது. அதற்கு மருந்து பழைய கயிறுதான். பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு குறியிட்ட, நீளாத கயிற்றில் உணரியைக் கட்டி, குறி குறியாக இறக்கி, ஒவ்வொரு குறியிலும் வாசிப்பை எழுதிக்கொண்டு, அவ்வட்டவணையைப் பலகையோடேயே வைத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை மீண்டும் செய்ய வேண்டும். மின்னல் காலத்தில் நீண்ட வயருக்குக் காப்புச் சுற்று அவசியம். வாசிப்புகளின் நேரம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டியதால், எல்லாப் பலகைகளின் கடிகாரங்களையும் ஒரே நாளில் சரிசெய்தல் வேண்டும்.

புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தார், மாணவர் பரிசோதனைகளுக்கென்று எக்ஸ்பைஸ் என்ற 12 பிற்றுக் கருவியை அமைத்து, அதன் வரைபடங்களை மறைக்காமல் உலகுக்கு வழங்கினார்கள். அதனைப் பார்த்துக் கற்றோர் பலர். நம் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றது. வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் தீவகத்திலும் பௌதிக ஆய்வுகூடம் உள்ள பாடசாலைகள் இருக்கின்றன. பாடசாலை வளவில் பெரும்பாலும் ஒரு கிணறும் இருக்கின்றது. வரைபடம் ஒன்று, பலகை ஒன்று, கிணறு ஒன்று என்று ஒவ்வொரு பாடசாலையும் ஏற்றுக்கொண்டால், இரண்டு மூன்று மாரிகளுக்குள் குடாநாட்டின் நிலத்தடி நீருக்கு நம் கையாலேயே எழுதிய ஒரு நாட்குறிப்பு உண்டாகும்.

மண்டபத்தின் பக்கத்து மேசையில் இரண்டு பலகைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று உள்வழி சேர்க்கப்பட்டு, தகரப்பெட்டியில் மூடப்பட்டது. மற்றொன்று மூடாமல் விசிறிக்கு எதிரே வைத்தது. இரண்டின் பரம்பல்களையும் திரையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வரைபடத்தின் பிரதிகளும் அங்கே உண்டு. பாடசாலைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னர் கோடைகால நீர்மட்டம் குறைந்தது பதினைந்து நாளாவது பதிவாக வேண்டும் என்பதால், புரட்டாதி நடுப்பகுதிக்குள் உணரிகள் கிணறுகளில் இறங்கியிருத்தல் நல்லது. இனி உங்கள் வினாக்களைக் கேட்கக் காத்திருக்கிறேன்.